முன் இடது கம்பு

"தானா நகர்ந்த பொருள்னு ஒண்ணு இந்தப் பினாங்குத் தீவுல கெடையாது. அக்கரையில பத்து காவான்லயும் கெடையாது, கெப்பாலா பத்தாஸ்லயும் கெடையாது. எது நகர்ந்தாலும் நகர்த்துனவன் ஒருத்தன் உண்டு. அவன் பேர நான் சொல்லுவேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, மாதா கோயிலுக்கு எதிரே இருந்த காப்பிக்கடையில் ஹென்றி பாக்கியநாதன் வாத்தியார் இவ்வாறு பிரகடனம் செய்தார். கேட்டவர்கள்: ஆபீஸ்களில் கணக்கெழுதும் கிராணிகள் சிலர், கோயில் மூப்பர் சந்தியாகு, காப்பி ஆற்றிக்கொண்டிருந்த முகம்மது கனி. அனைவரும் வாயடைத்துப் போனார்கள். கிராணிகளின் வாயை அடைத்திருந்தது ரொட்டி என்பது வேறு விஷயம்.

இப்பேர்ப்பட்ட வாக்கை உதிர்த்தவரின் சரித்திரத்தைப் பிறப்பிலிருந்து சொல்வதுதான் மரியாதை. அவர் நாகப்பட்டினத்தில் பிறந்தார். அதில் அவருடைய முயற்சி ஒன்றுமில்லை. விசை முழுவதும் மருத்துவச்சியுடையது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரெசர் வேலை கிடைத்த தகப்பனாரின் பின்னால் சிறுபிள்ளையாகக் கப்பலேறி வந்தார். பினாங்கில் படித்தார், பினாங்கிலேயே வாத்தியாரானார். நகரத்து ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில், பொருள்கள் ஏன் நிற்கின்றன, ஏன் நகர்கின்றன, நகர்பவற்றின் வேகம் எதனால் கூடுகிறது என்பதைத் தம் ஆயுளில் பாதிக்காலம் பாடம் நடத்தினார். அந்தக் காலம் முழுவதையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி நடத்தினார்.

வகுப்போடு அவர் கடமை முடிந்துவிடவில்லை. ஆயர் ஈத்தாமுக்குப் போகும் டிராம் குலுங்கிக் கிளம்பும்போது யாராவது பின்பக்கம் சாய்ந்தால், அவர் தோளைத் தொட்டு, "நீங்க விழலைங்க. இருந்த எடத்துலயே இருக்கப் பாத்தீங்க. டிராம்தான் உங்கள விட்டுட்டு முன்னால போயிருச்சு" என்று ஆறுதல் சொல்வார். விழுந்தவர் சீனராக இருந்தால் அதையே மலாயில் சொல்வார். பசாரில் வாழைத்தோல் வழுக்கி அவரே விழுந்த அன்று, எழுந்திருக்காமல் கிடந்தபடியே, உராய்வு குறைந்தால் என்ன நடக்கும் என்று சுற்றி நின்ற மீன்காரிகளுக்கு விளக்கினார். பார்த்தே புரிந்துவிட்டது என்று மீன்காரிகள் சொன்னார்கள். அவர் மனைவி அமலம்மாளுக்கு மட்டும் இந்த வித்தையில் பெரிய மதிப்பில்லை. உலகத்தில் நகர்வதற்கெல்லாம் பேர் சொல்கிற மனுஷன், பெற்ற பிள்ளைகளை மட்டும் பேர் மாற்றிக் கூப்பிடுகிறார் என்பது அந்த அம்மாளின் நிரந்தர முறையீடு.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிரகடனத்துக்குக் காரணம் ஒரு சப்பரம்.

ஆகஸ்டு மாதத் திருவிழாவில் மாதா சுரூபத்தைச் சிறு சப்பரத்தில் வைத்து, நான்கு பேர் தோளில் சுமந்து, தெருக்களைச் சுற்றிக் கொண்டுவருவார்கள். சப்பரத்துக்கு அடியில் இரண்டு நீளக் கம்புகள். முன்னால் இரண்டு முனை, பின்னால் இரண்டு முனை. முனைக்கு ஓர் ஆள். முன் இடது முனை பல வருஷமாகப் பெஞ்சமினுடையது. பெஞ்சமின் தொங்கான் கிராணி, அதாவது சரக்குப் படகுகளில் மூட்டைக் கணக்கு எழுதுபவர். நல்ல உயரம், பேச்சு குறைவு. இருபத்துநான்காம் ஆண்டின் கடைசியில், அக்கரைப் பத்து காவான் ஊரிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த தொங்கான் காற்றில் கவிழ்ந்தது. கூட வந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். தேங்காய்கூட மிதந்து வந்தது. பெஞ்சமின் வரவில்லை. அவர் உடலும் வரவில்லை.

அடுத்த ஆகஸ்டில் முன் இடது முனையை வேறொருவர் சுமந்தார். ஒழுங்காக வந்துகொண்டிருந்த சப்பரம், புளியமரத்துச் சந்து வந்ததும் இடப்பக்கம் திரும்பியது. சந்துக்குள் போய், கடைசி வீட்டு வாசலில் நின்றது. அது முட்டுச்சந்து, அதற்குள் சப்பரத்துக்கு எந்தக் காலத்திலும் வேலை இருந்ததில்லை. சுமந்த நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து, நீதானே திரும்பினாய் என்று கேட்டுக்கொண்டார்கள். கடைசி வீடு பெஞ்சமின் குடியிருந்தது. வாசலில் அவர் மனைவி சவுந்தரம் மெழுகுவத்தியோடு நின்றாள். அதற்கு அடுத்த ஆகஸ்டில் வேறு நான்கு பேர் சுமந்தார்கள். சப்பரம் அதே சந்தில் திரும்பி அதே வாசலில் நின்றது.

அதன்பின் ஊர் சிந்திக்கத் தொடங்கியது. ஊர் சிந்திக்கத் தொடங்குவதைப்போல் ஆபத்து வேறொன்றில்லை. மாதா சப்பரம் தன் வழியை விட்டு ஒரு வாசலில் நின்றால், அந்த வீட்டில் மறைத்த பாவம் இருக்கிறது என்பது சனங்களின் பழைய நம்பிக்கை. பெஞ்சமின் கடைசியாகப் புறப்பட்ட காலையில் அந்த வீட்டில் சத்தம் கேட்டதாக ஒருவருக்கு நினைவு வந்தது. சாப்பாட்டுத் தூக்கில் அவள் என்ன போட்டுக் கொடுத்தாளோ என்று இன்னொருவர் பெருமூச்சு விட்டார். கோயிலுக்குப் பீடத் துணி தைத்துத் துவைத்துச் சவுந்தரம் பிழைத்துக்கொண்டிருந்தாள். அந்த வேலை அவள் கையிலிருந்து போயிற்று. அவள் குடியிருந்த வீடு மூப்பர் சந்தியாகுவுக்குச் சொந்தம். மூப்பருக்குக் கல்யாணம் ஆகப்போகிற தங்கை மகன் ஒருவன் இருந்தான், அவனுக்கு வீடு இல்லை. ஆகவே மூப்பர் மாதாவின் தீர்ப்பை மிகுந்த பக்தியோடு ஏற்றுக்கொண்டார். இந்தத் திருவிழாவிலும் சப்பரம் அங்கே நின்றால் அவள் வீட்டைக் காலி செய்துவிட வேண்டியதுதான் என்று காப்பிக்கடையில் அறிவித்தார். அதற்குப் பதிலாக வந்ததுதான் வாத்தியாரின் பிரகடனம்.

மறுநாள் சவுந்தரம் வாத்தியார் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அமலம்மாள் கூப்பிட்டும் உள்ளே வரவில்லை.

"சார், தள்ளுனவன் பேரச் சொல்லுவேன்னு சொன்னீங்களாமே."

வாத்தியார் ஆமாம் என்றார்.

"எனக்கு அந்தப் பேர் வேணும் சார். யாரா இருந்தாலும் சண்டைக்குப் போவ மாட்டேன். பேர் ஒண்ணு இருந்தா போதும். பேர் இல்லன்னாத்தான் அது நானுன்னு ஆவுது."

திருவிழாவுக்குள் சொல்லிவிடுவதாக வாத்தியார் வாக்குக் கொடுத்தார். அவருக்கு இதில் சந்தேகமே இல்லை. சென்ற இரண்டு வருஷமும் அவர் சப்பரத்தின் இடப்பக்கத்தில், மடக்கிய குடையோடு, சுமப்பவர்களின் நடையைத் திருத்திக்கொண்டே கூட நடந்தவர். யாரும் தள்ளியதாக அவர் கண்ணில் படவில்லை. ஆனால் கண்ணை நம்பக் கூடாது என்பது அவருடைய பாடத்தின் முதல் அத்தியாயம்.

முதலில் அவர் தெருவைச் சந்தேகித்தார். தெரு இடப்பக்கம் சரிந்திருந்தால் பாரம் அந்தப் பக்கம் இழுக்கும். சந்து முனையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார். தண்ணீர் சந்துக்கு எதிர்த்திசையில், வலப்பக்கத்துச் சாக்கடைக்கு ஓடியது. தெரு நிரபராதி என்று தீர்ந்தது. அடுத்து மனிதர்களைச் சந்தேகித்தார். கதை தெரிந்தவன் தோள் தானே அந்தப் பக்கம் சாயும். கதை தெரியாத தோள்கள் வேண்டும்.

பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, சுரூபம் இல்லாத வெறும் சப்பரத்தை நடுப்பகலில் வெளியே எடுத்தார். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலுவையும் அவன் கூட்டாளிகள் மூவரையும் கூட்டிவந்தார். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். புளியமரத்துச் சந்தும் தெரியாது, பெஞ்சமினையும் தெரியாது. பாரம் ஒரு பக்கம் சாயாதிருக்க, ஒரே உயரம் உள்ளவர்களாகப் பொறுக்கி எடுத்திருந்தார். தெருக்கோடி வரை நேராகப் போக வேண்டும் என்பது மட்டுமே அவர்களுக்கு உத்தரவு. சப்பரத்தின் விதானத்திலிருந்து நூல் கட்டி ஓர் ஈயக்குண்டைத் தொங்கவிட்டார். சப்பரம் இடப்பக்கம் திரும்பினால் குண்டு வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். டிராமில் பின்பக்கம் சாய்ந்தவரின் கதைதான்: பொருளுக்குத் தன் போக்கை மாற்றிக்கொள்ள மனமிருக்காது, இழுக்கப்படும்போது பின்தங்கும். இது வாத்தியாருக்குத் தெரியும். குண்டுக்கும் தெரியும்.

உச்சிவெயில். நிழல்கள் எல்லாம் அவரவர் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தன. தெருவில் நடமாட்டமில்லை. பின்னாலேயே வந்த நாய்கள் இரண்டு, சந்துக்குச் சற்று முன்னால் நின்று, தரையில் வயிறு பதியப் படுத்துக்கொண்டன. வாத்தியார் குண்டையே பார்த்துக்கொண்டு நடந்தார்.

சந்து முனையில் குண்டு இடப்பக்கம் நகர்ந்தது.

சப்பரம் அதுவரை நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது. காற்றே இல்லை. யாரோ இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுப்பதுபோல் நூல் சரிந்து, சரிந்தபடியே நின்றது. அதன்பிறகு, குண்டு காட்டிய பக்கம், சப்பரம் திரும்பியது. பின்தங்க வேண்டிய ஈயம் முன்னால் போயிற்று. மரமும் மனிதர்களும் அதன் பின்னால் போனார்கள். கடைசி வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. சவுந்தரம் பசாருக்குப் போயிருந்தாள். மூடிய கதவின் முன்னால் சப்பரம் நின்றது. குண்டு ஒருமுறை நடுங்கி நேரானது.

நேராகத்தானே போகச் சொன்னேன் என்று வாத்தியார் கேட்டார்.

"நேராத்தான் போனோம் சார்," என்றான் வேலு.

"அப்ப திருப்புனது யாரு?"

வேலு தன் கூட்டாளிகளைப் பார்த்தான். "யாரும் திருப்பலைங்க. வீடு தெரிஞ்ச மாடு மாதிரி போவுது. வீட்டுக்குப் போற மாட்ட யாரு சார் திருப்புவா?"

முன் இடது முனையைச் சுமந்தவன், திரும்பிப் போகும்போது அந்த இடத்தில் நிற்க முடியாது என்றுவிட்டான். சந்து முனையிலிருந்து தன் தோளில் கனமே இல்லை என்றும், கனம் இல்லாததைச் சுமக்கத் தனக்குப் பழக்கமில்லை என்றும் சொன்னான். அவன் தோளில் போட்டிருந்த துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. வேலு அதை முகர்ந்து பார்த்து, கடல் தண்ணீர் என்றான். வியர்வையும் உப்புதான் என்று வாத்தியார் உடனே விளக்கினார். அந்த ஆளின் சட்டை மற்ற இடமெல்லாம் காய்ந்திருந்தது. அதைப் பார்க்காமலிருக்க வாத்தியார் சற்றுச் சிரமப்பட வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போய், குண்டை ஒரு குச்சியில் தொங்கவிட்டு, கூடத்தில் இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி நடந்தார். அவர் வீட்டில் குண்டு ஒழுக்கமாக நடந்துகொண்டது. இடப்பக்கம் திரும்பினால் வலப்பக்கம் ஒதுங்கியது. அமலம்மாள் மீன் அலசிக்கொண்டே இதைக் கவனித்தாள்.

"அந்தப் பொண்ணுகிட்ட என்னங்க சொல்லப் போறீங்க?"

கண்டுபிடித்துவிட்டுச் சொல்வதாக வாத்தியார் சொன்னார்.

"கண்டுபுடிச்சாச்சுன்னுல்ல மூஞ்சி சொல்லுது," என்றாள் அமலம்மாள்.

மறுநாள் வாத்தியார் மூப்பரிடம் போய், இந்தத் திருவிழாவில் முன் இடது முனையைத் தாமே சுமப்பதாகச் சொன்னார். சுண்ணக்கட்டியைவிடக் கனமான எதையும் அவர் தூக்கிப் பார்த்தவர் இல்லை. ஆனால் அந்த முனைக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை. மூப்பர் மகிழ்ந்து சம்மதித்தார். எதிர்த்தரப்புச் சாட்சியே பாரம் சுமக்க முன்வருவது எந்த வழக்கிலும் கிடைக்காத வசதி.

திருவிழா மாலையில் மழை பெய்து ஓய்ந்திருந்தது. செபமாலைக் கூட்டம் முன்னால் போக, சப்பரம் கிளம்பியது. மாறாத வேகத்தில் நேர்கோட்டில் போகும் பொருளை மேற்கொண்டு தள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று வாத்தியார் வகுப்பில் சொல்வதுண்டு. அவருடைய வலது தோளுக்கு அந்தக் கருத்து உடன்பாடாக இல்லை. இரண்டு தெரு தாண்டுவதற்குள் அது எரிந்தது. ஆனாலும் அவரிடம் ஒரு திட்டம் இருந்தது. சந்து முனையில் முழுப் பலத்தையும் திரட்டிக் கம்பை வலப்பக்கம் தள்ளுவது. எந்தத் தோள் எதிர்த்து அழுத்துகிறதோ, அந்தத் தோளுக்குரியவன் பேர்தான் பேர்.

சந்து வந்தது. அவர் காலை ஊன்றி வலப்பக்கம் தள்ளினார்.

எதிர்த்து எதுவும் அழுத்தவில்லை. முன் வலது முனையைச் சுமந்த தபாலாபீஸ் கிராணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணை இறுக மூடி, கம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். பின்னால் இருந்த இருவரும் அதையே செய்துகொண்டிருந்தார்கள். இந்தச் சந்துக்குள் போக யாருக்கும் விருப்பமில்லை. நான்கு விசையும் வலப்பக்கம். மெழுகுவத்திச் சுடர்கள் எல்லாம், காற்று இல்லாமலே, இடப்பக்கம் படுத்தன. வாத்தியாரின் தோளிலிருந்து பாரம் மெல்லக் கழன்றது. களைத்தவன் பக்கத்தில் இன்னொருவன் வந்து தோளைக் கொடுத்ததுபோல். சப்பரம் இடப்பக்கம் திரும்பியது.

கடைசி வீட்டு வாசலில் அது நின்றபோது பாட்டும் நின்றது. கூரை ஓலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்டது. கூட்டம் முழுவதும் சவுந்தரத்தைப் பார்த்தது. அவள் வாத்தியாரைப் பார்த்தாள்.

மூப்பர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "மூணாந்தடவையும் மாதாவே சொல்லிட்டாங்க. இனிமே நாம சொல்ல என்ன இருக்கு." பிறகு முன் இடது முனைப் பக்கம் திரும்பினார். "வாத்தியாரே, தள்ளுனவன் பேர் சொல்லுவேன்னீங்க. சொல்லுங்க லா, எல்லாரும் கேக்கட்டும்."

தெரியாது என்பது உண்மையான பதில். அந்த ஒரு சொல் அவளைத் தெருவில் நிறுத்திவிடும். இன்னொரு பேரும் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் கூட்டம் ஒரே ஓட்டமாக ஓடும். மூச்சு வாங்கியபின் திரும்பி வந்து, செத்தவன் ஏன் வருகிறான் என்று அவளைத்தான் பிடிக்கும்.

"பாக்கியநாதன்," என்றார் வாத்தியார்.

"யாரு?"

"நான்தான். தள்ளுனது நான்தான்."

போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் நீங்கள் சுமக்கவே இல்லையே என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். கூடவே நடந்தேனே என்றார் வாத்தியார். குடையின் வளைந்த பிடியைக் கம்பில் மாட்டி இழுத்ததாகவும், இவ்வளவு பெரிய சப்பரத்தைத் திருப்ப எவ்வளவு சிறிய விசை போதும் என்று சோதித்ததாகவும், இவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒருவர்கூடக் கவனிக்காதது தமக்கே வருத்தம் என்றும் சொன்னார். அது வகுப்பில் பேசும் அதே குரல்.

கூட்டம் நம்பியது. ஒரு விதவை பாவி என்பதை நம்ப அதற்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஒரு வாத்தியார் கிறுக்கர் என்பதை நம்ப ஒரு நொடி போதுமாயிருந்தது. அந்த நொடியும் வீணாகாதபடி அமலம்மாள் கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"வீட்டுலயும் இப்படித்தாங்க. ஒரு சாமானும் வச்ச எடத்துல இருக்காது."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சந்தில் இரண்டு வருஷமாகக் கேட்காத சத்தம் அது. சாமியார் வாத்தியாரைக் கடுமையாகப் பார்த்து, விளையாட்டுக்கு மாதாவைப் பிடித்ததற்காக இனிச் சாகும்வரை ஒவ்வொரு திருவிழாவிலும் அதே முனையைச் சுமக்க வேண்டும் என்று தவம் விதித்தார். நாளை முதல் பீடத் துணிகள் சவுந்தரத்திடமே போகட்டும் என்று அதே மூச்சில் சொன்னார். கையிலிருந்த தீர்ப்பு நழுவிப்போன மூப்பர், தங்கை மகனைத் தேடிப் பார்வையைச் சுழலவிட்டார். எப்படியிருந்தாலும் வாத்தியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார், பேரைச் சொல்லிவிட்டார் என்று முகம்மது கனி பக்கத்தில் இருந்தவரிடம் நியாயம் பேசினார். அதை யாரும் மறுக்கவில்லை.

சவுந்தரத்தின் பார்வை இப்போது வாத்தியாரின் முகத்தில் இல்லை. அதற்குச் சற்று மேலே, அவரைவிட உயரமான ஒருவரின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. சுடர் அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, மெழுகுவத்தியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

மூப்பர் கிளம்பச் சொன்னார். சப்பரம் திரும்பியது, பாட்டு தொடங்கியது. சந்திலிருந்து வெளியே வந்தபின், வாத்தியார் முழங்காலைச் சற்று மடக்கினார். தோள் கம்பை விட்டு இறங்கியது. பிறகு கைகளையும் எடுத்துவிட்டார். நான்கு பேர் சுமக்கும் பாரத்தில் ஒருவன் விலகினால் அந்த மூலை கீழே போகும். இதை அறியப் பள்ளிக்கூடம் போக வேண்டியதில்லை. மூலை கீழே போகவில்லை. அவர் தோளுக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவு இடைவெளி இருந்தது. கம்பு, நிதானமாக நடக்கிற ஒருவரின் தோள்மேல் இருப்பதுபோல், மெல்ல ஏறி மெல்ல இறங்கியபடி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

அதன் கீழே, முதுகை வளைத்து, பல்லைக் கடித்து, பெரும் பாரம் சுமப்பவரின் முகத்தோடு, பாக்கியநாதன் வாத்தியார் ஒன்றையும் சுமக்காமல் கோயில் வரைக்கும் நடந்தார்.